பூ கட்டிய நூல்

கன்னிமாராவில் மின்விசிறிக்குக் கீழே
ஓர் இடம் பிடிக்கத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன்.
புரட்டினால் உள்ளே தேசிங்கு.
பெயர் மட்டும் வேறு. கைலோன் என்று போட்டிருந்தது.
ஏதென்ஸ்காரன். ஒலிம்பியாவில் ஓடி ஜெயித்தவன்.
பக்கத்து ஊரை அடக்கி ஆண்ட மாமனார்
ஆள் கொடுத்தார்.
குன்றின் மேலிருந்த கோட்டையைப் பிடித்தான்.

எங்கள் தேசிங்கு ஓடியது நேரு ஸ்டேடியத்தில்,
நானூறு மீட்டர், இரவல் ஸ்பைக்ஸ்.
மாமனாருக்குச் செங்குன்றத்தில் அரிசி மில்.
தவிட்டு வாசனையோடு ஒரு லாரி ஆள் வந்து இறங்கியது.
பிடித்தது கோட்டை இல்லை,
ராயபுரம் லாரி ஓட்டுநர் சங்கத்தின் மூன்றாவது மாடி.
ஒரு பீரோ, ஒரு ரப்பர் முத்திரை,
சாவி தொலைந்த பணப்பெட்டி,
கண்ணாடிக் கூண்டுக்குள் எல்லையம்மன்.

எல்லாம் ஒரு கிளியால் வந்தது.
பீச் ஸ்டேஷன் வாசலில் அது இழுத்துப் போட்ட சீட்டில்
பெரிய விழா நாளில் பூட்டைத் தொடு என்றிருந்தது.
ஓடுகிறவனுக்கு எது பெரிய விழா?
துறைமுக விளையாட்டு விழா என்று எடுத்துக்கொண்டான்.
அன்றைக்கு லாரிக்காரர்கள் மொத்தமும்
அடுத்த மைதானத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
இழுத்த கயிற்றோடு அப்படியே வந்து
கட்டிடத்தைச் சுற்றி நின்றார்கள்.
ஆயுதபூஜை என்று எடுத்திருந்தால்
ஒருத்தனும் நிதானத்தில் இருந்திருக்க மாட்டான்.
எந்த விழா என்று கிளியிடம் யாரும் கேட்கவில்லை.
ஏதென்ஸிலும் கேட்கவில்லையாம்.

முதல் நாளே குழாயை அடைத்தார்கள்.
இரண்டாம் நாள் தீயணைப்பு வாளியில் இருந்ததைக் குடித்தோம்,
மணலை ஒதுக்கிவிட்டு.
மூன்றாம் நாள் விடியலில்
தேசிங்கும் அவன் தம்பி கஜபதியும்
கழிவுநீர்க் குழாய் வழியாக இறங்கிப் போயிருந்தார்கள்.
செருப்பு இரண்டு ஜோடி மட்டும் ஜன்னலோரம்.
ஓட்டக்காரன், ஓடினான்.
இதில் ஏமாற என்ன இருக்கிறது?

கீழேயிருந்து மைக்கில் செயலாளர் பூபாலன்:
"அம்மன் மேல ஆணை. எறங்கி வாங்கப்பா.
ஒரு கீறல் விழாது."
அவர் வாயை நம்பவில்லை, அம்மனை நம்பினோம்.
அவள் காலில் நூல் கட்டி
அதைப் பிடித்தபடியே இறங்குவது என்று முடிவானது.
பிடித்திருக்கும் வரை அவள் மடியில் இருக்கிற மாதிரி.
நூலுக்கு எங்கே போவது?
காய்ந்துபோன வெள்ளிக்கிழமை மாலைகளைப் பிரித்தோம்.
பதினொரு பேர் சருகு உதிர்த்து, சிக்கெடுத்து,
முழம் முழமாகச் சேர்த்தோம்.
சிலுவை போட்ட பெலவேந்திரனும்
முதல் ஆளாக நூலைப் பிடித்துக்கொண்டான்.

டீக்கடை வாசலில் அறுந்தது.
சத்தமே இல்லை.
பெலவேந்திரன் மட்டும் கையைத் தூக்கி
நுனியைப் பார்த்தான்.
"அம்மாவே உங்கள விட்டுட்டா" என்றார் பூபாலன்.
அப்புறம் ஜாக்கி லிவர்களும் சைக்கிள் செயின்களும் வந்தன.
ஸ்டான்லிக்குப் போன வழியில் பெலவேந்திரன் முடிந்தான்.
நான் கடைசி ஆள். படியிலேயே நின்றுவிட்டேன்.
இடது காது போனதோடு சரி.

அங்கே கொன்றவர்களின் வம்சத்தையே
தீட்டு என்று ஊரைவிட்டுத் துரத்தினார்களாம்.
புதைத்த எலும்பைக்கூடத் தோண்டி எல்லைக்கு வெளியே எறிந்தார்களாம்.
இங்கே அவ்வளவு இல்லை.
பூபாலன் செத்த மறுவருஷம் அவர் பெயர் வெட்டிய கல்லை
யாரோ பெயர்த்துக் கால்வாயில் போட்டார்கள்.
அந்தச் சேற்றில் கல் மூழ்க ஒரு வாரம் ஆனது.

எல்லாம் எழுதியிருக்கிறார்கள்.
நூலில் முடிச்சுப் போட்டது யார் என்று மட்டும் இல்லை.

நான் போட்டேன்.
எனக்குத் தெரிந்தது பூ முடிச்சு ஒன்றுதான்.
மல்லிகையின் கனம் தாங்கும்.
இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே
அது நழுவுவது விரலுக்குத் தெரிந்தது.
நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.
முன்னால் பத்துப் பேர்
அம்மன் பெயரைச் சொல்லியபடி
இறங்கிக்கொண்டிருந்தார்கள்.